டாக்டருக்கு, சொல்லித்தரச் சொல்லித் தர்றது யாரு?

நவம்பர் 9, காலை (கேள்வி: ஒரு அசிஸ்டென்ட் புரொஃபசர், புதுச்சேரி)

மெடிக்கல் காலேஜ்ல பாடம் எடுக்கற டாக்டர்களுக்கு டீச்சிங் சொல்லித் தர்ற பேசிக் கோர்ஸ் முடிச்சாச்சு. மூணு நாள், சர்டிஃபிகேட்டும் கைக்கு வந்துடுச்சு. லெசன் பிளான், ஆப்ஜெக்டிவ், எம்சிக்யூ (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கற கேள்வி) எப்படி எழுதறது எல்லாம் சொன்னாங்க. ஆனா திங்கக்கிழமை காலைல ஓபில கதவு வரைக்கும் கூட்டம், பின்னாடி செவுத்துல சாஞ்சுக்கிட்டு ஸ்டூடன்ட்ஸ் நிக்கறாங்க, அவங்களுக்கு அந்த நேரத்துல எப்படி சொல்லித் தர்றதுன்னு அந்த மூணு நாள்ல யாருமே சொல்லல. என்னைக் கேட்டா நல்ல டாக்டருக்கு டீச்சிங் தானா வரும், வராதவங்களுக்கு எந்த ஒர்க்‌ஷாப்பும் வர வைக்காது. இதெல்லாம் புரமோஷனுக்கு ஒரு பேப்பர், அவ்ளோதான். வேற மாதிரி நினைக்கறவங்க இருந்தா சொல்லுங்க.

நவம்பர் 9, ராத்திரி

நான் வேற மாதிரிதான் நினைக்கறேன். மெடிசின்ல இருக்கேன், முதல்ல கடலூர் பக்கம், இப்போ புதுச்சேரி.

நல்ல டாக்டருக்கு டீச்சிங் தானா வரும்ங்கறது உண்மை இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு சீஃப், ரொம்ப பெரிய கிளினிஷியன், கட்டிலுக்கு ஆறடி தள்ளி நின்னே டயக்னோசிஸ் சொல்லிடுவார். ஆனா அவருக்கு அது எப்படி தெரிஞ்சுதுன்னு அவராலயே சொல்ல முடியாது. இருபது வருஷ பழக்கத்துல நடுவுல இருக்கற படியெல்லாம் மறைஞ்சு போயிடும். ஸ்டூடன்ட்டுக்கு அந்தப் படிதான் வேணும். அதைத் திரும்பத் தோண்டி எடுத்து வெளிய வைக்கறது தனி வேலை, வைத்தியம் பாக்கறது வேற, அது வேற.

கோர்ஸ் பத்தி நீங்க சொல்றதுல பாதி சரி. மூணு நாள் ஹால்ல உட்கார வச்சுட்டு வார்டுல நடக்க வேண்டியதைக் கத்துக் குடுக்க முடியாது. ஆனா அதனால கோர்ஸே வேணாம்னு போறது தப்பு. நாளைக்கு எழுதறேன், இன்னிக்கு டியூட்டி.

நவம்பர் 11

முதல்ல ஒரு விஷயம், நம்ம ஊர்க்காரங்களே நிறைய பேருக்கு தெரியல. டாக்டர்களுக்கு டீச்சிங் கத்துக் குடுக்கணும்ங்கற யோசனை நேத்து டெல்லில இருந்து சர்க்குலரா வந்தது இல்ல. 1975லயே உலக சுகாதார நிறுவனத்தோட உதவியில நம்ம கோரிமேட்டுல, ஜிப்மர்லதான் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் ஆரம்பிச்சாங்க. பல மாநிலத்துல இருந்து புரொஃபசருங்க பெட்டியைத் தூக்கிட்டு இங்க வந்து உட்கார்ந்து ஸ்டூடன்ட் மாதிரி கத்துக்கிட்டு போயிருக்காங்க. அதுக்கப்புறம்தான் மெடிக்கல் கவுன்சில் 1997 விதிமுறை, காலேஜுக்கு காலேஜ் மெடிக்கல் எஜுகேஷன் யூனிட் (டாக்டர்களுக்கு டீச்சிங் பயிற்சி குடுக்கற பிரிவு), 2009ல ரீஜனல் சென்டர் வழியா பேசிக் ஒர்க்‌ஷாப், 2019 பேட்ச்ல இருந்து புது கரிக்குலம் எல்லாம்.

ஸோ அம்பது வருஷ அனுபவம் நம்ம ஊர்லயே கிடக்குது. வார்டுக்குள்ள வர்றதுக்குள்ளதான் அது கரைஞ்சு போயிடுது.

நவம்பர் 12

இப்போ உங்க ஓபி கேள்வி. ஒரு கேஸ் சொல்றேன், ஆள் அடையாளம் எல்லாம் மாத்திட்டேன்.

மழை சீசன். பண்ருட்டி பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு அம்மா, வயல் வேலை, ஒரு வாரமா ஜுரம், தலைவலி. பிளேட்லெட் குறைவு, லிவர் என்சைம் கொஞ்சம் ஏறியிருக்கு. சிஆர்ஆர்ஐ (ஹவுஸ் சர்ஜன்) பொண்ணு வந்து கேஸ் சொல்லி முடிச்சுட்டு "அடுத்து என்ன மேடம்"ன்னு நிக்குது. இந்த இடத்துலதான் எல்லாம் இருக்கு. நமக்கு வாய் அரிக்கும். "ஸ்க்ரப் டைஃபஸ் யோசிச்சியா, எஸ்கார் பாத்தியா, டாக்ஸி போடு"ன்னு பத்து செகண்ட்ல முடிச்சுடலாம். (ஸ்க்ரப் டைஃபஸ்னா சின்னப் பூச்சி கடிச்சு வர்ற ஜுரம், எஸ்கார்னா கடிச்ச இடத்துல வர்ற கறுத்த பொருக்கு, டாக்ஸின்னா அதுக்குப் போடற டாக்ஸிசைக்ளின் மருந்து.) பேஷன்ட்டுக்கு வைத்தியம் ஆயிடும், பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாது.

அதுக்கு பதிலா: "நீ என்னன்னு நினைக்கற?"

"டெங்கு மேடம்."

"எதை வச்சு?"

"பிளேட்லெட் குறையுது, தலைவலி, சீசன்..."

"எது இருந்தா டெங்கு இல்லன்னு சொல்லுவ?"

இங்க ரொம்ப நேரம் சத்தமே இல்ல. நானும் பேசல. அப்புறம் அதுவா சொல்லுச்சு, "ஏழு நாள் தாண்டியும் ஜுரம் விடல மேடம், டெங்குன்னா இந்நேரம் இறங்கியிருக்கணும்." சொல்லும்போதே முகம் மாறுது. "உடம்புல எங்க பாக்காம விட்ட?"ன்னு கேட்டேன். சிஸ்டரைக் கூட்டிக்கிட்டு ஸ்க்ரீன் போட்டு பாத்துட்டு வந்துச்சு. மார்புக்கு அடியில, மடிப்புல, சிகரெட்டால சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு, சுத்தி சிவப்பு. அந்த அம்மாவுக்கே அது இருக்கறது தெரியாது, வலிக்காதே.

அப்புறம் நான் பேசினது மொத்தமே நாலு வரி. மழைக்காலத்துல அஞ்சு நாளைக்கு மேல ஜுரம்னா அக்குள், இடுப்பு, மார்புக்கு அடி, தொடை இடுக்கு எல்லாம் பாக்காம கேஸ் முடியாது. எஸ்கார் இல்லங்கறதால ஸ்க்ரப் இல்லன்னு ஆயிடாது. எலைசா ரத்த டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு டாக்ஸிசைக்ளினைத் தள்ளிப் போடாத. பிளேட்லெட்டை தினம் வாரியா கட்டம் போட்டு எழுதியிருந்தது நல்லா இருந்துச்சு, அதை விடாத.

இதுக்கு பேரு ஒன் மினிட் ப்ரிசெப்டர். 1992ல வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஃபேமிலி மெடிசின் ஆளுங்க எழுதினது. அஞ்சு விஷயம்தான். அவங்களை ஒரு முடிவு சொல்ல வைக்கணும், ஏன்னு கேட்கணும், ஒரு பொது விதியைச் சொல்லணும், சரியா செஞ்சதை எடுத்துச் சொல்லணும், விட்டதைத் திருத்தணும். பிஸி ஓபிக்காகவே செஞ்சது. நீங்க கேட்ட கேள்விக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே பதில் இருக்கு, உங்க மூணு நாள்ல அது வராம போனது எனக்கு நிஜமாவே வருத்தம்.

நவம்பர் 12, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல சொன்னதுல வரிசை அப்படியே இருக்கணும்னு இல்ல. முதல் ரெண்டும் மட்டும் கண்டிப்பா முதல்ல வரணும். பொது விதியை முன்னாடியே சொல்லிட்டா அவங்க யோசிக்கறதை நிறுத்திடுவாங்க.

நவம்பர் 15

சர்ஜரி நண்பர் ஒருத்தர் மறுப்பு எழுதியிருக்கார். "முடிவு சொல்லச் சொல்றதும், அந்தக் காலத்து சீஃப் பேஷன்ட் முன்னாடி கேள்வி கேட்டு மடக்கறதும் ஒண்ணுதானே, நீங்க பேரு மட்டும் மாத்தறீங்க"ன்னு.

ரெண்டு நாள் யோசிச்சேன். கேள்வி ஒண்ணேதான், ஒத்துக்கறேன். வித்தியாசம் எங்கன்னா, மடக்கற ஆளுக்கு பதில் ஏற்கனவே தெரியும், பையனுக்கு தெரியாதுன்னும் தெரியும், கேக்கறதே அதை ஊருக்குக் காட்டத்தான். இங்க கேக்கறது அவன் எந்த இடத்துல நிக்கறான்னு நான் தெரிஞ்சுக்க. அதனால தப்பா சொன்னாலும் அது எனக்கு உபயோகமான தகவல். ஆனா நம்ம பசங்களுக்கு இது தெரியாதே, ஸ்கூல்ல இருந்தே தப்பா சொன்னா எழுந்து நிக்க வச்ச ஊர். யூனிட்டுக்கு வர்ற முதல் நாளே சொல்லிடணும், "நான் கேப்பேன், நீங்க தப்பா சொல்லலாம், அதுக்காக யாரும் திட்டு வாங்க மாட்டீங்க." சொன்னா மட்டும் போதாது, முதல் தப்பு பதில் வரும்போது நம்ம மூஞ்சி எப்படி இருக்குன்னு எல்லாரும் பாப்பாங்க. அன்னிக்கு முடிவாயிடும்.

பேஷன்ட் முன்னாடி முடிவு சொல்ல வைக்க வேணாம். "கேன்சரா இருக்கலாம் மேடம்"னு இங்கிலீஷ்ல சொன்னாலும் அந்த வார்த்தை எல்லாருக்கும் புரியும். காரிடார்ல நின்னு பேசிட்டு உள்ள போங்க.

இன்னொண்ணு, அவர் சொல்லாதது. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைங்களுக்கு "நீ என்ன நினைக்கற" ரொம்ப பெரிய கேள்வி. அவங்களுக்கு "ரெண்டு சொல்லு, எது முதல்ல வைப்ப"ன்னு சின்னதாக்கிக் கேட்டா வாய் திறக்கறாங்க.

நவம்பர் 16

கேள்வி கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்கோம்? ஸ்கூல் கிளாஸ்ரூம்ல மேரி பட் ரோவ்னு ஒரு அம்மா 1970கள்ல அளந்து பாத்திருக்காங்க. டீச்சருங்க சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்க, உடனே அவங்களே பதில் சொல்லிடறாங்க இல்ல அடுத்த ஆள்கிட்ட போயிடறாங்க. மூணு செகண்டா ஆக்கினதும் பதில் நீளமாச்சு, பேசாத பிள்ளைங்க பேசினாங்க. வார்டுல மூணு செகண்ட் ரொம்ப நீளமா தெரியும், மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க.

நவம்பர் 20

மழை, கடலூர் ரோட்டுல தண்ணி, ஓபி பாதி காலி. அதனால நீளமா எழுதறேன்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். ஒரு டாக்டர் டீச்சரா மாறறது ஹால்ல இல்ல. அவர் சொல்லித் தரும்போது இன்னொருத்தர் பக்கத்துல நின்னு பாத்து, அப்புறம் தனியா உட்கார்ந்து பேசும்போதுதான். எல் போர்டு வண்டில பக்கத்து சீட்ல ஆளே உட்காராம லைசென்ஸ் குடுக்கற மாதிரி நாம குடுத்துக்கிட்டு இருக்கோம். எம்டி முடிச்சு, எஸ்ஆர் (சீனியர் ரெசிடென்ட்) முடிச்சு, அசிஸ்டென்ட் ஆகி, புரொஃபசர் ஆகி ரிட்டையர் ஆகற வரைக்கும், ஒருத்தர் ரவுண்ட்ஸை டீச்சிங்குக்காக இன்னொருத்தர் முழுசா பாத்ததே கிடையாது. பேசிக் கோர்ஸ்ல மைக்ரோ டீச்சிங் உண்டு, சரி, ஆனா அது சக டாக்டருங்க ஸ்டூடன்ட்டா உட்கார்ந்து கேக்கற லெக்சர். ஜுரத்துல கிடக்கற பேஷன்ட், போன் அடிக்கற பிஜி (எம்டி, எம்எஸ் படிக்கற டாக்டர்), டிஸ்சார்ஜ் கேட்டு நிக்கற சொந்தக்காரங்க, இது எதுவும் அங்க இல்ல.

எங்க டிபார்ட்மென்ட்ல ரெண்டு மூணு பேர் சேர்ந்து ஒருத்தரை ஒருத்தர் பாக்க ஆரம்பிச்சோம். ஆர்டர் கிடையாது, ஃபார்ம் கிடையாது. பாக்க வர்றவர்கிட்ட முன்னாடியே சொல்லணும் எதைப் பாக்கணும்னு. "நான் ஒரே பையனையே கேக்கறேனான்னு பாருங்க" அப்படி ஒண்ணே ஒண்ணு. ரவுண்ட்ஸ்ல வாயே திறக்கக் கூடாது, கேஸ் பத்தி கருத்து சொல்லக் கூடாது, இது டாக்டருங்களுக்கு ரொம்ப கஷ்டம். முடிஞ்சதும் டீ குடிச்சுக்கிட்டே பத்து நிமிஷம்.

ஒரு சகாவைப் பாக்கப் போனப்போ ஒரு சின்ன பேப்பர்ல ஸ்டூடன்ட்ஸ் நிக்கற இடத்தை புள்ளியா வச்சு, கேள்வி யாருக்குப் போகுதோ அங்க கோடு போட்டேன். கட்டிலோட தலைமாட்டுப் பக்கம் நின்ன மூணு பேருக்குத்தான் எல்லா கோடும். கால்மாட்டுல நின்ன நாலு பேருக்கு ஒண்ணு கூட இல்ல, அதுல மூணு பேர் வேற மாநிலத்துப் பிள்ளைங்க, தமிழ் தட்டுத்தடுமாறி பேசறவங்க. ஹிஸ்டரி எடுக்கும்போது அவங்க பேஷன்ட் பக்கத்துல வராம ஒதுங்கறது தெரிஞ்ச கதைதான், ஆனா பேப்பர்ல பாத்ததும் அவர் பேப்பரையே பாத்துக்கிட்டு இருந்தார். அடுத்த வாரத்துல இருந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் அவர் நிக்கற பக்கத்தை மாத்திக்கறார். அந்தப் பிள்ளைங்களுக்கு ஒரு தமிழ் பேசற ஆளை ஜோடி சேர்த்து விட்டு, கேள்வியை மட்டும் அவங்களே கேக்கணும்னு சொல்லிட்டார். எந்த ஸ்லைடும் இதைச் செஞ்சிருக்காது.

நவம்பர் 21

"சீனியரை ஜூனியர் எப்படிப் பாத்து கருத்து சொல்றது, நம்ம ஊர்ல நடக்குமா"ன்னு எஸ்ஆர் தம்பி ஒருத்தர் கேக்கறார்.

நடக்காது தம்பி, நேரா ஆரம்பிச்சா. அதனாலதான் சம வயசுல ஆரம்பிக்கணும். வேற டிபார்ட்மென்ட் ஆள் இன்னும் நல்லது. எங்களுக்கு பிசியாலஜில இருந்து ஒரு மேடம் வந்தாங்க, கேஸ் அவங்க ஏரியாவே இல்லங்கறதால டீச்சிங்கை மட்டும் பாத்தாங்க.

நவம்பர் 24

ஃபீட்பேக் பத்தி நிறைய பேர் சாண்ட்விச் சாண்ட்விச்ன்னு எழுதறீங்க, நல்லது சொல்லு, கெட்டது சொல்லு, நல்லது சொல்லுன்னு. எனக்கு அதுல நம்பிக்கை போயிடுச்சு. பசங்க முதல் பாராட்டு வந்ததுமே அடுத்த அடிக்கு ரெடி ஆயிடறாங்க, பாராட்டு காதுலயே ஏறாது.

ஜாக் எண்டேன்னு ஒரு டாக்டர் 1983ல எழுதின கட்டுரை ஒண்ணு, இன்னும் அதைத் தாண்டி பெருசா யாரும் சொல்லிடல. ஃபீட்பேக்ங்கறது தகவல், தீர்ப்பு இல்லங்கறார். "நீ கேர்லெஸ்" தீர்ப்பு. "ஸ்ப்ளீன் (மண்ணீரல்) பாக்கும்போது கையை இடது விலாவுக்கு அடியிலயே வச்சுட்ட, வலது இலியாக் ஃபோசால (அடிவயித்து வலது பக்கம்) இருந்து வந்திருந்தா பெருசா இருக்கற ஸ்ப்ளீனோட விளிம்பு தப்பாது, பேஷன்ட் மூச்சு இழுக்கறதுக்கு முன்னாடியே கையை நகர்த்திட்ட" தகவல். ரெண்டாவதைச் சொல்ல முதல்ல நாம பாத்திருக்கணும். நம்மள்ல எத்தனை பேர் ஸ்டூடன்ட் எக்ஸாமின் பண்றதை உண்மையிலேயே நின்னு பாக்கறோம்? அவங்க பாத்துட்டு வந்து ஒப்பிக்கறதைத்தான் கேக்கறோம். லாக் புக்ல கையெழுத்து மட்டும் வரிசையா இருக்கும்.

"முதல்ல நீயே சொல்லு எப்படி போச்சுன்னு"ங்கறது பெண்டில்டன் முறை. நம்ம பசங்க "நல்லா பண்ணல மேடம்"னு தலையைக் குனிஞ்சுடுவாங்க, மரியாதைக்கு. அதனால நான் "எந்த இடத்துல கை சந்தேகமா இருந்துச்சு"ன்னு கேக்கறேன். அதுக்கு உண்மையான பதில் வருது.

நவம்பர் 27

ப்ரொசீஜர் சொல்லித் தர்றது பத்தி கேட்டவருக்கு. பாம்புக்கடி கேஸ்ல இருபது நிமிஷ ரத்த உறைவு டெஸ்ட் எடுத்துக்கோங்க. சுலபம்னு நினைச்சு "போய் போடு"ன்னு அனுப்பிடறோம். காஞ்ச சுத்தமான கண்ணாடி ட்யூப்தான் வேணும், பிளாஸ்டிக் கூடாது, சோப்பு போட்டு கழுவி திரும்ப யூஸ் பண்ணின ட்யூபும் கூடாது. ரெண்டு மில்லி ரத்தம். இருபது நிமிஷம் தொடவே கூடாது, அப்புறம் ஒரே தடவை சாய்ச்சுப் பாக்கணும். பசங்க அஞ்சாவது நிமிஷத்துல ஆட்டிப் பாத்துடுவாங்க, ஆர்வம். அந்த ரிசல்ட்டை நம்பித்தான் ஆன்டிவெனம் (விஷமுறிவு மருந்து) போடறதா வேணாமான்னு முடிவு பண்றோம்.

பெய்ட்டன்னு ஒரு டாக்டர் சொன்ன நாலு படி இதுக்கு பொருந்தும். ஒரு தடவை பேசாம நாம செய்யறது. அடுத்து ஒவ்வொண்ணா விளக்கிச் செய்யறது. மூணாவது, அவங்க சொல்லச் சொல்ல நாம செய்யறது. நாலாவது, அவங்களே சொல்லிக்கிட்டே செய்யறது. மூணாவது படியைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, அதுலதான் ஓட்டை தெரியும். "இப்போ ட்யூபை எடுங்க"ன்னு அவங்க சொன்னா நான் வேணும்னே பிளாஸ்டிக் ட்யூபை எடுப்பேன், யார் தடுக்கறாங்கன்னு பாக்க. தடுத்த பிள்ளை அதை ஆயுசுக்கும் மறக்காது.

டிசம்பர் 3

பிஜிக்களை விட்டுட்டோம். ராத்திரி பத்து மணிக்கு எம்பிபிஎஸ் பிள்ளைங்களுக்கும் சிஆர்ஆர்ஐக்கும் சொல்லித் தர்றது யாரு, நாமளா? ரெண்டாம் வருஷ பிஜி. அவருக்கு டீச்சிங் யார் சொன்னா? நான் முன்னாடி இருந்த ஒரு காலேஜ்ல இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்னாடி அவசர அவசரமா ஒரு மத்தியானம் பிஜிக்களை உட்கார வச்சு ஃபோட்டோ எடுத்தாங்க, அவ்ளோதான் மூணு வருஷத்துக்கும்.

அதோட மாவட்ட ரெசிடென்சியும் இருக்கு. 2020ல அறிவிச்சது, பிஜிக்கள் மூணு மாசம் மாவட்ட ஆஸ்பத்திரியில வேலை பாக்கணும். நல்ல திட்டம், எனக்கு ரொம்பப் பிடிச்ச திட்டம். டெலிவரி, விஷம் குடிச்சது, விபத்து, டிபி, எல்லாம் ஊரோட உண்மையான அளவுல பாக்கலாம். ஆனா அங்க இருக்கற டாக்டர்கள் யாரும் புரொஃபசர் இல்ல, அவங்களுக்கு பேசிக் கோர்ஸ்ல சீட் கிடைக்கறதே அபூர்வம். கடலூர் மாதிரி ஒரு தலைமை ஆஸ்பத்திரியில பூச்சி மருந்து குடிச்ச கேஸ் வந்தா, அட்ரோபின் (அதுக்கான முறிவு மருந்து) எவ்ளோ போடறது, நெஞ்சுல சத்தம் காஞ்சுதா, பல்ஸ் ஏறுச்சா, கண்மணியை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற டாக்டர்கள் இருக்காங்க. அந்த அறிவை பிஜிக்கு மாத்தி விடற கலையை அவங்களுக்கு யாராவது குடுக்கணுமே. மெடிக்கல் எஜுகேஷன் யூனிட் காலேஜ் காம்பவுண்டுக்குள்ளயே சுத்தக் கூடாது, பஸ் ஏறி அங்க போகணும். புதுச்சேரில இருந்து கடலூர் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

டிசம்பர் 4

பேஷன்ட் பத்தி யாரும் பேசல, அது உறுத்துது. கட்டில் பக்கத்துலயே பாடம் எடுத்த பழைய காலத்து டாக்டர் வில்லியம் ஆஸ்லர் காலத்துல இருந்து பேஷன்ட்தான் பாடம்ங்கறோம், அந்தப் பாடத்துக்கிட்ட அனுமதி கேக்கறது எத்தனை பேர்? பிள்ளைங்க நாம எப்படி கேக்கறோம்னு பாத்துத்தான் கத்துக்குவாங்க, புது கரிக்குலத்துல இதுக்குன்னு ஏட்காம் (நடத்தை, நெறிமுறை, பேசற விதம்) வகுப்பு வச்சாலும் சரி. ஒரு பாட்டிகிட்ட "இந்தப் பிள்ளைங்க உங்க வயித்தைத் தொட்டுப் பாத்து கத்துக்கட்டுமாம்மா, வேணாம்னா வேணாம்"ன்னு கேட்டேன். "பாக்கட்டும் கண்ணு, கையை மட்டும் சில்லுன்னு வைக்க வேணாம்னு சொல்லு. நேத்து வந்த புள்ள ஐஸு மாதிரி வச்சுது." அதுக்கப்புறம் அந்த பேட்ச்ல ஒருத்தர் விடாம கையைத் தேய்ச்சு சூடாக்கிட்டுத்தான் தொடறாங்க.

டிசம்பர் 6

முதல்ல கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கார். ஓபில ஒரு கேஸுக்கு மட்டும் முடிவு சொல்ல வச்சுப் பாத்தாராம், நல்லா இருந்துச்சாம், ஆனா கூட்டத்துல மத்ததுக்கு நேரம் இல்லைங்கறார்.

ஒண்ணே போதும். எல்லா கேஸுலயும் சொல்லித் தரணும்னு நினைச்சா ரெண்டு நாள்ல விட்டுடுவீங்க. காலைல ஓபி சீட்டைப் பாக்கும்போதே ஒரு கேஸை மனசுல எடுத்து வச்சுக்கோங்க, ரெண்டு ஸ்டூடன்ட்டை பக்கத்து ரூமுக்கு அந்த பேஷன்ட்டோட அனுப்பிடுங்க, நீங்க மத்தவங்களைப் பாத்துக்கிட்டே இருங்க, பத்து பதினஞ்சு நிமிஷத்துல அவங்க ஒரு முடிவோட திரும்பி வரணும். மீதிப் பேருக்கு ஒரே ஒரு வேலை, "இன்னிக்கு வர்ற எல்லா சுகர் பேஷன்ட்டுக்கும் காலை யாரு பாத்தாங்கன்னு கவனிங்க" மாதிரி. சும்மா செவுத்துல சாஞ்சு நிக்க மாட்டாங்க.

அடுத்த வியாழக்கிழமை எங்க ரவுண்ட்ஸ் எட்டரைக்கு. பின்னாடி நின்னு பாக்க வாங்க, முன்னாடி நாள் மட்டும் சொல்லிடுங்க, வார்டு சிஸ்டர்கிட்ட சொல்லி வைக்கணும். அடுத்த வாரம் நான் உங்க ஓபிக்கு வர்றேன். எதைப் பாக்கணும்னு நீங்களே எழுதி அனுப்புங்க.

டிசம்பர் 7

மூணு பேர் கேட்டதால: ஆமா, மத்த டிபார்ட்மென்ட்காரங்களும் வரலாம். ஒரு நாளைக்கு ஒருத்தர்தான், இல்லன்னா பேஷன்ட்டைச் சுத்தி கூட்டம் ஆயிடும்.